விலையில் வென்று ரொக்கத்தில் தோற்ற கடை: சென்னை மளிகைப் போட்டி, 1996–2009

சென்னையில் தொடங்கி நாடெங்கும் கிளை பரப்பிய மளிகைத் தொடர் கடை சுபிக்ஷா ஏன் விழுந்தது என்று கேட்டால், அகலக் கால் வைத்தது என்பார்கள். பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். அகலக் கால் வைத்த எல்லாரும் விழுந்துவிடுவதில்லை. சென்னையில் அந்தக் கடையை வெல்ல வைத்தது எது, அந்தப் பலம் ஏன் டெல்லிக்கும் மும்பைக்கும் போய்ச் சேரவில்லை என்று பார்த்தால்தான் மீதிப் பாதி கிடைக்கும். என் கணிப்பில், சென்னையில் நடந்ததாகச் சொல்லப்படும் விலைப் போர் உண்மையில் ரொக்கத்தின் போர். சரக்குக்கு யார் முதலில் பணம் கொடுக்கிறார்கள், அந்தப் பணம் எத்தனை நாளில் கல்லாவுக்குத் திரும்புகிறது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருந்தன. பெயர்ப்பலகை, குளிர்சாதனம், தள்ளுவண்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1996-ல் இருந்த சந்தை

அந்த ஆண்டில் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. நெரிசலில் திணறிக்கொண்டிருந்த கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆர்.பி.ஜி. குழுமத்தின் முதல் ஃபுட்வேர்ல்டு கடை திறந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், நகரம் தன் சாப்பாட்டுச் சாமான்களை வாங்கும் விதம் மாறத் தொடங்கிய ஆண்டு என்று 1996-ஐக் குறித்துக்கொள்ளலாம்.

சூப்பர் மார்க்கெட் என்பது சென்னைக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-லேயே தொடங்கிவிட்டது. அரசின் கூட்டுறவுப் பண்டகசாலைகள் இருந்தன. மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் இருந்தது. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பம் பொருள் வாங்கும் முறை இவை எதையும் நடுவில் வைத்து அமையவில்லை. பால் ஆவின் அட்டையில் வந்தது. சர்க்கரையும் மண்ணெண்ணெயும் ரேஷன் கடையில். அரிசி, தெரிந்த அரிசி மண்டியிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும். காய் தள்ளுவண்டியில். மற்ற அனைத்தும் அண்ணாச்சி கடையில்.

அண்ணாச்சி கடையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாத் தொடர் கடைகளும் அதனோடுதான் மோதின. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நடத்திய கடைகள் அவை. காலையில் பால் பாக்கெட் வரும் நேரத்துக்குக் கதவு திறந்தால் இரவு பத்து வரை மூடுவதில்லை. முதலாளியே கல்லாவில் இருப்பார், ஊரிலிருந்து வந்த உறவுப் பையன்கள் கட்டிக் கொடுப்பார்கள். பத்து ரூபாய்க்குப் பருப்பு, ஐந்து ரூபாய்க்குச் சீரகம், ஒரு முழம் பூவுக்குச் சில்லறை என எதற்கும் மறுப்பு இல்லை. மாதச் சாமான் பட்டியலைப் பள்ளிக்கூடம் போகும் பையனிடம் கொடுத்தனுப்பினால் சாயங்காலம் அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்துவிடும். பணம், ஒன்றாம் தேதி சம்பளம் வந்த பிறகு. அந்தக் கணக்குப் புத்தகம்தான் கடையின் உண்மையான முதலீடு. வாடிக்கையாளருக்கு அது வட்டியில்லாக் கடன். அண்ணாச்சிக்கோ, அடுத்த தெருவில் சோப்பு ஐம்பது காசு குறைவு என்றாலும் ஆள் நகராமல் இருப்பதற்கான பிடிமானம்.

இவர்களுக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாடகை பழைய வாடகை, கூலி குடும்பக் கூலி. பொட்டலப் பொருளில் கிடைக்கும் எட்டு, பத்து சதவீதத்தைவிட, மூட்டையாக வாங்கிச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பருப்பு, புளி, மிளகாயில்தான் லாபம். தொடர் கடைக்காரர்கள் பலர் கடைசிவரை கவனிக்காத விஷயம் இது. சோப்பிலும் ஹார்லிக்ஸிலும் தள்ளுபடி கொடுத்து அண்ணாச்சியை அடித்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் துவரம்பருப்பில் பிழைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று கடைகள், மூன்று வழிகள்

ஃபுட்வேர்ல்டு விற்றது வசதியை. மூவாயிரம், நான்காயிரம் சதுர அடி, குளிர்சாதனம், தானே எடுத்துக்கொள்ளும் அலமாரிகள், கணினி ரசீது. 1999-ல் ஹாங்காங்கின் டெய்ரி ஃபார்ம் குழுமம் பங்காளியாகச் சேர்ந்தது. கடைகள் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று தென்னகத்துக்குள்ளேயே பரவின. பருப்பையும் மசாலாவையும் சுத்தம் செய்து, சொந்தப் பெயரில் பாக்கெட்டில் போட்டு விற்றதில் இவர்கள் முன்னோடிகள். அண்ணாச்சியின் லாபம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்ட ஒரே தொடர் கடை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் குளிர்சாதனமும் அகலமான கடையும் வாடகையையும் மின்கட்டணத்தையும் ஏற்றின. விலையில் பெரிதாகக் குறைக்க இடமில்லை.

நீல்கிரிஸ் கதை வேறு. 1905-ல் நீலகிரியில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய குடும்பம். சென்னையில் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக் கடைக்குப் போகிறவர்கள் ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் கேக்குக்கும் போனார்கள். சொந்தமாகத் தயாரிக்கும் பொருளில் யாரும் விலையை ஒப்பிட முடியாது. அதனால் அவர்கள் இந்தச் சண்டைக்கே வரவில்லை.

மூன்றாவது சுபிக்ஷா. நிறுவனர் ஆர். சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். மளிகைக்கு முன்பே விஸ்வபிரியா என்ற நிதி நிறுவனத்தை நடத்தியவர். 1997 மார்ச்சில் திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தார். ஃபுட்வேர்ல்டு செய்தவை எதையும் இவர் செய்யவில்லை என்பதுதான் அதன் வடிவம். ஆயிரம் சதுர அடிக்கு மேல் வேண்டாம். குளிர்சாதனம் வேண்டாம். முக்கியச் சாலை வேண்டாம், குடியிருப்புத் தெருவில் ஓர் உள்வாங்கிய இடம் போதும். தொடக்க காலக் கடைகளில் அலமாரிகளுக்கு நடுவே உலாவும் பழக்கம்கூட இல்லை. பட்டியலைச் சொன்னால் கணினியில் ஏற்றிக்கொண்டு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அலங்காரம் என்று ஒன்று இருந்தது என்றால் அது விலைப் பலகைதான்: பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலை ஒரு பக்கம், சுபிக்ஷா விலை இன்னொரு பக்கம்.

அந்தப் பலகை வேலை செய்ததற்கு இந்தியச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. பொட்டலப் பொருளில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட்டே ஆகவேண்டும் என்பதால், தள்ளுபடியை யாரும் சந்தேகிக்க முடியாது. பற்பசையை நூறு கடைகளில் விசாரித்து ஒப்பிட வேண்டிய வேலை வாடிக்கையாளருக்கு இல்லை. பெட்டியில் அச்சிட்டதிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ரசீதைப் பார்த்தால் போதும். சுபிக்ஷாவின் ரசீதும், மிச்சப்படுத்திய தொகையைச் சொல்லும் அதன் விளம்பரங்களும் இந்த ஒரு வாதத்தைத்தான் திரும்பத் திரும்ப வைத்தன.

2000-க்குள் சென்னையில் 50 கடைகள் ஆயின. அந்த ஆண்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் என்ற முதலீட்டு நிறுவனம் 10 சதவீதப் பங்கை 15 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் போய், 2006 வாக்கில் எண்ணிக்கை 150-ஐ நெருங்கியிருந்தது. கவனிக்க: ஒன்பது ஆண்டுகள், ஒரே மாநிலம், 150 கடைகள். இது நிதானமான வளர்ச்சி.

நூறு ரூபாய்ப் பொருளின் கணக்கு

அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வந்தது? இங்கே ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் சுபிக்ஷாவின் ஏட்டிலிருந்து எடுத்தவை அல்ல. தொழிலில் வழங்கும் அளவுகளை ஒட்டி நான் வைத்துக்கொண்டவை.

அச்சிட்ட விலை 100 ரூபாய் உள்ள ஒரு சோப்புக் கட்டு. விநியோகஸ்தர் அதைத் தெருக்கடைக்கு 90, 91 ரூபாய்க்குப் போடுவார், ஒரு வாரமோ இரண்டு வாரமோ தவணை கொடுப்பார். தொடர் கடை மொத்தமாக எடுப்பதால் 87-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சுபிக்ஷா ஒரு படி மேலே போகிறது: தவணை வேண்டாம், சரக்கு இறங்கியதும் பணம், அதற்கு இன்னும் 2 ரூபாய் குறையுங்கள் என்கிறது. கம்பெனிக்கும் லாபம்தான், வசூலுக்கு ஆள் அலைய வேண்டாம், வாராக்கடன் பயம் இல்லை. ஆக, கொள்முதல் 85. விற்பது 92-க்கு. வாடிக்கையாளருக்கு 8 ரூபாய் மிச்சம். கடைக்கு 7 ரூபாய். அதில் வாடகை, சம்பளம், மின்சாரம், லாரி, உடைசல் எல்லாம் சேர்ந்து 5 போனால் கையில் நிற்பது 2.

ரொக்கத்துக்காகக் கிடைத்த கழிவும் 2, கடைசியில் நிற்கும் லாபமும் 2. இரண்டும் ஒன்றேதான். ரொக்கக் கொள்முதல் நின்றுபோகும் அன்று, விலைப் பலகையை மாற்றாமலே லாபம் பூஜ்யமாகிவிடும். அதற்கு அடுத்த நாள் கம்பெனிகள் முன்பணம் கேட்கத் தொடங்கினால் சரக்கே வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 85 ரூபாயைப் போட்டு 2 ரூபாய் எடுப்பது மேலோட்டமாகப் பார்த்தால் கேவலமான வியாபாரம். ஆனால் சரக்கு மாதம் ஒரு முறை சுழன்றால், அதே 85 ரூபாய் ஆண்டுக்கு 24 ரூபாய் ஈட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் சுழல்கிறது என்றால் 12. அன்றைய வங்கி வட்டிக்கே அது சரியாகப் போய்விடும். ஆகவே சரக்கு எத்தனை நாள் அலமாரியில் கிடக்கிறது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. சென்னையில் அதைக் கட்டுக்குள் வைக்க நெருக்கம் உதவியது. அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று நடக்கும் தூரத்தில் கடைகள் இருந்தால், ஒரே கிடங்கிலிருந்து காலையில் புறப்படும் ஒரு லாரி எல்லாவற்றுக்கும் சரக்கு இறக்கிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடும். அடிக்கடி சரக்கு வருவதால் கடைக்குள் பின்கட்டு வைத்திருக்க வேண்டாம், ஆயிரம் சதுர அடியே போதும். சிறிய கடை என்பதால் உள்தெருவில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஒரு பத்திரிகையின் சென்னைப் பதிப்பில் வரும் ஒரே விளம்பரம் ஐம்பது கடைக்கும் வேலை செய்யும். ஒன்றை இழுத்தால் மற்றவை கூடவே வரும் கோர்வை இது. குறைந்த விலை இந்தக் கோர்வையின் முடிவில் விளைந்தது.

மருந்து

சென்னையில் பலர் இன்றும் சுபிக்ஷாவை நினைவில் வைத்திருப்பது மளிகைக்காக அல்ல, மருந்துக்காக. எல்லா மருந்துக்கும் 10 சதவீதத் தள்ளுபடி என்பது அன்றைக்குப் பெரிய சங்கதி. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கும் ஓய்வூதியக்காரர்களுக்கு அது கையில் நிற்கும் பணம்.

கணக்கும் மளிகையைவிட எளிது. மருந்து விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம், உட்படாதவற்றில் வழக்கமாக 20 சதவீதமும் மொத்த வியாபாரிக்கு இன்னொரு 10 சதவீதமும் என்று இடைலாபம் அகலமாக இருந்த தொழில். மருந்து வணிகர் சங்கத்தின் கட்டுப்பாடு பலமாக இருந்ததால் அதில் யாரும் விட்டுக்கொடுத்ததில்லை. சுபிக்ஷா விட்டுக்கொடுத்தது. மருந்து வாங்க மாதம் ஒருமுறை வந்தே தீரவேண்டிய வாடிக்கையாளர், போகிற போக்கில் எண்ணெயும் சோப்பும் எடுத்துப் போவார். தள்ளுபடி கொடுத்தும் மளிகையைவிடக் கூடுதல் லாபம், அதற்கு மேல் ஆள்வரவு. ஒரே கூரைக்குக் கீழே மளிகையையும் மருந்தையும் வைத்தது, அந்தக் காலச் சென்னையில் நடந்த மிகச் சாமர்த்தியமான ஒற்றை முடிவு என்பேன். இன்று எந்த மருந்துக் கடையிலும் 10, 15 சதவீதம் என்று பலகை தொங்குவதைப் பார்க்கும்போது அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் யார் முந்தினார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

அண்ணாச்சியின் பதில்

வணிகர் சங்கங்கள் மேடையில் பேசியதற்கும் தெருவில் நடந்ததற்கும் வித்தியாசம் உண்டு. மேடையில் எதிர்ப்பு. தெருவில் தகவமைப்பு. பழைய வாடிக்கையாளருக்குத் தானாகவே இரண்டு ரூபாய் குறைத்துப் போட்டார்கள். தொலைபேசியில் சொன்னாலே சைக்கிளில் பையன் வந்தான். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் முன்பக்கத் தட்டியை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே நான்கு வரிசை அலமாரி அமைத்து, பலகையில் சூப்பர் மார்க்கெட் என்று எழுதிக்கொண்டார்கள். முதலாளி அதே முதலாளி, பொருள் அதே பொருள், இப்போது கணினி ரசீது.

வாடிக்கையாளரும் ஒருவர் பக்கம் சாயவில்லை. பட்டியலைப் பிரித்தார். பொட்டலப் பொருள் சுபிக்ஷாவில், பருப்பும் புளியும் அண்ணாச்சியிடம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஃபுட்வேர்ல்டு. இருபதாம் தேதிக்குப் பிறகு கையில் பணம் இல்லையென்றால் மறுபடியும் கணக்குப் புத்தகம். ரொக்கத்துக்கு விற்கும் கடை எதுவும் அந்தக் கடைசிப் பத்து நாளைத் தொடவே முடியவில்லை.

அரசும் இந்தச் சந்தையில் ஒரு போட்டியாளர்தான், யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றாலும். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாக் குடும்ப அட்டைக்கும் உண்டு. 2006-ல் கிலோ அரிசி 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 2007-லிருந்து துவரம்பருப்பும் பாமாயிலும்கூடக் குறைந்த விலையில் ரேஷன் கடைக்கு வந்துவிட்டன. வருமானம் குறைந்த குடும்பங்களின் கூடையில் தொடர் கடைகளுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

2006–2008: எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடிவந்தபோது

அதுவரை தொடர் கடைகள் ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதவில்லை. வசதி விற்றவர், விலை விற்றவர், ரொட்டி விற்றவர் என்று ஆளுக்கொரு பாதை. 2005-06-ல் ஆர்.பி.ஜி.யும் டெய்ரி ஃபார்மும் பிரிந்தன. ஆர்.பி.ஜி. தன் பங்குக்கு வந்த கடைகளை ஸ்பென்சர்ஸ் என்று பெயர் மாற்றியது. 2006 இறுதியில் ஹைதராபாத்தில் ரிலையன்ஸ் ஃப்ரெஷ் தொடங்கி, வேகமாகத் தெற்கெங்கும் பரவியது. ஆதித்ய பிர்லா குழுமம் 2007-ல் ஹைதராபாத்தின் திரிநேத்ராவை வாங்கி, பிறகு மோர் என்று பெயர் சூட்டியது. ஆந்திரத்திலிருந்து ஹெரிடேஜ் வந்தது.

எல்லாருக்கும் தேவைப்பட்டது ஒன்றே: குடியிருப்புப் பகுதியில், வண்டி நிறுத்த ஓர் ஓரம் உள்ள, இரண்டாயிரம் முதல் மூவாயிரம் சதுர அடி. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் வேளச்சேரியிலும் அப்படி எத்தனை இடம் இருக்கும்? சோப்பு விலையில் நடப்பதற்கு முன்பே போட்டி வாடகையில் நடந்து முடிந்துவிட்டது. அடுத்தது ஆட்கள். கடை மேலாளர், கொள்முதல் அதிகாரி என்று பயிற்சி பெற்ற ஒரே கூட்டம்தான் கடைக்குக் கடை மாறிக்கொண்டிருந்தது.

அரசியலும் சூடுபிடித்தது. ரிலையன்ஸுக்கு எதிராக 2007-ல் வட இந்தியாவில் கல்வீச்சுவரை போனது. உத்தரப் பிரதேச அரசு கடைகளை மூட உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் பாட்டாளி மக்கள் கட்சியும் வணிகர் அமைப்புகளும் எதிர்ப்பு தெரிவித்தன. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தின மாநாடுகளில் பெருநிறுவனச் சில்லறை வணிகம் நிரந்தரத் தலைப்பானது. பத்தாண்டுகளாக அதே தெருக்களில் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்த சுபிக்ஷாவுக்கு இந்த அளவு எதிர்ப்பு எழவில்லை என்பது சுவாரசியமானது. சிறிய கடை, குளிர்சாதனம் இல்லை, உள்ளூர்க்காரர் என்பதால் அது பெருநிறுவனமாகவே பலர் கண்ணுக்குப் படவில்லை.

இந்தச் சூழலில்தான் சுபிக்ஷா தமிழ்நாட்டை விட்டு வெளியே போனது. ஒன்பது ஆண்டில் 150 கடை திறந்த நிறுவனம், அடுத்த இரண்டரை ஆண்டில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் 1,600 கடைகளை எட்டியது. கூடவே கைபேசி விற்பனையும். 2008-ல் அசீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம், ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சரிடமிருந்து 10 சதவீதத்தை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது, எட்டு ஆண்டுக்கு முன் 15 கோடிக்குப் போன அதே அளவு பங்கு என்று எல்லாரும் வியந்தார்கள். வியப்பில் ஒரு விஷயம் நழுவியது. அந்தப் பணம் பங்கை விற்றவருக்குப் போனது, கடையின் கல்லாவுக்கு அல்ல. விரிவாக்கத்தின் பெரும்பகுதி கடனில் நடந்தது.

சரிவு

மேலே போட்ட 100 ரூபாய்க் கணக்கை டெல்லிக்கு எடுத்துப் போய்ப் பார்த்தால் சரிவின் காரணம் தெரிந்துவிடும். புது நகரத்தில் முதல் இருபது கடைகளும் ஊருக்கு நான்கு மூலையில் இருக்கும். லாரி பாதிச் சரக்கோடு நாள் முழுவதும் சுற்றும். கிடங்கு வாடகையைப் பங்குபோடப் போதிய கடைகள் கிடையாது. விளம்பரத்துக்கு அதே செலவு, பலன் இருபது கடைக்கு மட்டும். வாடகை 2007-ன் உச்ச வாடகை. செலவு 5 ரூபாய்க்குப் பதில் 8 ரூபாய் ஆனால், சென்னையில் 2 ரூபாய் நின்ற இடத்தில் அங்கே 1 ரூபாய் நஷ்டம். கடைகள் நெருங்கி அமையும்வரை அந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டும். தாங்குவதற்குத் தேவை பொறுமையான மூலதனம். இருந்ததோ, மாதாமாதம் வட்டி கேட்கும் கடன்.

கைபேசி இதை இன்னும் மோசமாக்கியது. ஒரு பெட்டி சோப்பில் முடங்குவதைவிடப் பல மடங்கு பணம் ஒரு பெட்டி கைபேசியில் முடங்கும். புது மாடல் வந்தால் பழையதன் விலை ஒரே இரவில் சரியும். ரொக்கச் சுழற்சியை நம்பிப் பிழைக்கும் கடைக்கு இதைவிடப் பொருந்தாத சரக்கு இருக்க முடியாது. விற்பனைத் தொகை பெரிதாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் சாய்ந்தது. இந்தியாவிலும் புதுக் கடன் கிடைப்பது அரிதானது, பங்குச் சந்தைக்குப் போகும் வழியும் அடைபட்டது. அதன் பிறகு நடந்தவை கணக்குப் பாடம் போல வரிசையாக நடந்தன. ரொக்கம் இல்லை, ஆகவே கழிவு இல்லை. பாக்கி ஏறியதும் கம்பெனிகள் சரக்கை நிறுத்தின. அலமாரியில் ஓட்டை விழுந்ததும் வாடிக்கையாளர் வரவில்லை. வரவில்லை என்பதால் ரொக்கம் இன்னும் இல்லை. 2009 தொடக்கத்தில் கடைகள் மொத்தமாக மூடப்பட்டன. கையில் பணம் தீர்ந்துவிட்டது என்று நிறுவனரே வெளிப்படையாகச் சொன்னார். ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. காவலாளிகளுக்கும் பணம் போகாததால் அவர்கள் விலக, பல இடங்களில் பூட்டிய கடைகள் சூறையாடப்பட்டன. கடன் சீரமைப்புக்கு வங்கிகளோடு நடந்த பேச்சு பலிக்கவில்லை. 13 வங்கிகளுக்குச் சுமார் 750 கோடி ரூபாய் நின்றது. பின்னர் நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விஸ்வபிரியா முதலீட்டாளர்களின் பணம் தொடர்பான தனி வழக்கில், 2023 நவம்பரில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் சுப்பிரமணியனுக்கு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அந்த வழக்கு இந்த ஆய்வின் பொருள் அல்ல. ஆனால் மளிகைக் கடையின் கதையை நிதி நிறுவனத்தின் கதையிலிருந்து முழுக்கப் பிரித்துப் படிக்கவும் முடியாது.

சுபிக்ஷா மட்டும்தான் அடிபட்டது என்று நினைக்க வேண்டாம். நீல்கிரிஸ் 2014-ல் ஃபியூச்சர் குழுமத்துக்குப் போனது. 2016-ல் ஹெரிடேஜின் கடைகளும் அங்கேயே போயின. ஃபியூச்சர் குழுமமே கடனில் மூழ்கி, 2022-ல் அதன் கடைகள் பல ரிலையன்ஸ் கைக்கு வந்தன. மோரை ஆதித்ய பிர்லா குழுமம் 2018-ல் விற்றுவிட்டு வெளியேறியது. 2007-ல் ஓடத் தொடங்கியவர்களில் தன் சொந்தப் பலகையோடு வளர்ந்து நிற்பவர், பின்னால் ஆழமான பணப்பை இருந்த ரிலையன்ஸ் ஒருவர்தான்.

சட்டம் எங்கே இருந்தது

அடக்க விலைக்குக் கீழே விற்று மற்றவர்களை ஒழிக்கிறார்கள் என்பது வணிகர் சங்கங்களின் நீண்ட காலப் புகார். இந்தியப் போட்டிச் சட்டம் 2002-ல் வந்தாலும், ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அதன் 4-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே மாதத்தில். அதற்குள் சுபிக்ஷா மூடியாகிவிட்டது. வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அந்தப் பிரிவு பாய வேண்டுமானால் முதலில் சந்தையில் ஆதிக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். தெருவுக்கு மூன்று அண்ணாச்சி கடை உள்ள நகரத்தில், மளிகையில் யாருக்கு ஆதிக்கம்? 2012-ல் மத்திய அரசு பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, மாநிலங்கள் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை இருந்தது. தமிழ்நாடு மறுத்துவிட்டது. சிறு வணிகர்களைக் காத்த காரணங்களில் இதுவும் ஒன்று, ஆனால் முதலாவது அல்ல. முதலாவது, துவரம்பருப்பும் கணக்குப் புத்தகமும்தான்.

2006-ல் வேறு வழி இருந்ததா?

இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு நிறுவனத்தின் முன் குறைந்தது இரண்டு பாதைகள் திறந்திருந்தன. ஒன்று, நடந்தது: ரிலையன்ஸ் வந்து இடத்தைப் பிடிப்பதற்குள் நாடு முழுவதும் கொடி நாட்டிவிடுவது. மற்றொன்று, தமிழ்நாட்டுக்குள்ளேயே அடர்த்தியைக் கூட்டுவது. ஏற்கெனவே கால்பதித்த ஊர்களில் மேலும் கடைகள், மருந்துக்கு முதலிடம், கைபேசி வேண்டாம், புதிய மாநிலம் என்றால் புதிய பங்கு மூலதனம் வந்த பிறகே.

இரண்டாவது பாதைக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. ஆழ்ந்த பணப்பை உள்ள ஒருவர் சென்னைக்குள் நுழைந்து, இரண்டு ஆண்டு நஷ்டத்தில் விற்கத் துணிந்தால், 2 ரூபாய் லாபத்தில் நிற்கும் உள்ளூர்க் கடை என்ன செய்யும்? ஆனால் நடந்ததைப் பார்த்தால் அந்தப் பயம் மிகையானது. 2007-க்குப் பிறகு வந்த பெருங்கடைகள் வாடகையையும் குளிர்சாதனத்தையும் சுமந்துகொண்டு சுபிக்ஷா விலைக்கு இறங்கவில்லை. காய்கறியிலும் பழத்திலும் அவர்கள் காட்டிய வேகத்தை, கோவையிலிருந்து வந்த பழமுதிர் நிலையங்கள் உள்ளூர்ப் பணத்திலேயே எதிர்கொண்டு நின்றன. ஒரு பிரிவில் ஆழமாக நின்ற உள்ளூர்த் தொடர் கடை பிழைக்கும் என்பதற்கு அது நேரடிச் சான்று.

இப்போது அதே தெருக்களில் பத்து நிமிடத்தில் சரக்கு கொண்டுவரும் செயலிகளின் மூடிய கிடங்குகள் வந்திருக்கின்றன. சிறிய இடம், உள்தெரு, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவு, அச்சிட்ட விலையிலிருந்து தள்ளுபடி. வடிவம் பழக்கமானதுதான். 2024-ல் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, இவர்கள் அடக்க விலைக்குக் கீழே விற்கிறார்கள் என்று போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. விற்பனை எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் இந்த நிறுவனங்களும் முதலில் அறிவிக்கின்றன. ஒரு கிடங்கில் ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர், சரக்கு எத்தனை நாளில் சுழல்கிறது, கம்பெனிகளுக்கு எத்தனை நாள் பாக்கி என்ற மூன்று எண்களை ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிப் பார்க்காமல், இவற்றில் எது நிற்கும் எது விழும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.